செருகியதைப் பிடுங்கினால்... - ஒரு கெர்னல் வரலாறு

1998-ம் வருடம் ஏப்ரல் 20. சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். இன்னும் கடைக்கு வராத விண்டோஸ் 98-ஐப் பற்றிச் செய்முறை விளக்கம் நடக்கிறது. கூட இருந்த கிறிஸ் கபோசெலா ஒரு ஸ்கேனரை எடுத்துக் கணினியில் செருகுகிறார். செருகினால் போதும், மிச்சத்தை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் என்று காட்டுவதுதான் திட்டம். அவ்வளவு பெரிய திரை முழுக்க நீலம்! கூட்டம் சிரித்துக் கைதட்டுகிறது. இதனால்தான் இதை இன்னும் வெளியிடவில்லை போலிருக்கிறது என்ற பாணியில் கேட்ஸும் சிரித்துச் சமாளித்தார்.

இந்தக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும், வீடியோவும் கிடைக்கிறது. ஆனால் எனக்கு இதில் வேறொரு விஷயம் பிடித்திருந்தது. மேடையில் எல்லோரும் செருகித்தான் காட்டுகிறார்கள். எந்த நிறுவனமும் மேடையேறி, 'இதோ பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தைச் சட்டென்று பிடுங்குகிறேன்' என்று விளம்பரம் செய்வதில்லை. பார்க்கும் ஆள் இல்லாத வேலை எப்படி இருக்கும்? கடைசியாகச் செய்யப்படும், அரைகுறையாகச் செய்யப்படும், சோதிக்காமல் விடப்படும். கெர்னல் டிரைவர்களில் சாதனத்தைக் கழற்றும் பகுதி பல வருடங்கள் அப்படித்தான் இருந்தது. அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன்.

பி.காம். படிக்கிறவனுக்குக் கெர்னலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கூட்டாண்மை நிறுவனத்தைத் தொடங்குவதற்கு ஒரு பக்கம், கலைப்பதற்குப் பத்துப் பக்கம் என்றுதான் எங்கள் புத்தகமே இருக்கிறது. யார் யாருக்கு என்ன பாக்கி, யார் பெயரில் இன்னும் எந்தக் கணக்கு திறந்திருக்கிறது, கலைத்த விஷயம் ஊருக்குத் தெரியுமா... கெர்னல்காரர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக மல்லுக்கட்டுவதும் இதே கேள்விகளோடுதான். அதனால் எனக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை :-)

முதலில் கொஞ்சம் அடிப்படை. டிரைவர் என்பது ஒரு சாதனத்தோடு பேசத் தெரிந்த கெர்னல் பகுதி. சாதனத்தைச் செருகியதும் டிரைவர் கொஞ்சம் நினைவகத்தைக் கேட்டு வாங்கி, அதில் அந்தச் சாதனத்தைப் பற்றிய விவரங்களை எழுதி வைக்கும். அந்த இடத்தின் முகவரி பல பேர் கையில் போய்ச்சேரும். குறித்த நேரத்தில் அடிக்கும் டைமர், சாதனம் கூப்பிடும்போது ஓடும் இன்டரப்ட், பின்னால் செய்துகொள்ளலாம் என்று வரிசையில் போட்ட வேலை, அந்தச் சாதனத்தைத் திறந்து வைத்திருக்கும் ஏதோ ஒரு அப்ளிகேஷன் என்று பட்டியல் நீளும். சாதனம் போனதும் டிரைவர் அந்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கெர்னல் அதை வேறு யாருக்காவது கொடுக்கும். பழைய முகவரியை வைத்திருக்கும் ஒருவர், மாற்றுச் சாவியோடு காலி செய்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, அதே இடத்தில் போய் எழுதினால்? இப்போது அங்கே குடியிருப்பவர் வேறு ஆள். விடுவித்த நினைவகத்தைப் பயன்படுத்தும் இந்தப் பிழைக்கு 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' என்று பெயர். சாதாரண அப்ளிகேஷனில் இப்படி நடந்தால் அந்த அப்ளிகேஷனோடு போகும். கெர்னலுக்குள் நடந்தால் மொத்தக் கணினியும் படுக்கும். அல்லது, விஷயம் தெரிந்த ஒருவன் அந்த வீட்டில் தனக்கு வேண்டியதைக் கொண்டுபோய் வைத்தால், கணினியே அவன் கைக்குப் போகும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

ஆரம்பத்தில் இந்தப் பிரச்சினையே பெரிதாக இல்லை. கார்டு என்றால் பெட்டியைத் திறந்து, ஸ்க்ரூ போட்டு முடுக்குவது. கழற்ற வேண்டுமென்றால் மின்சாரத்தை அணைக்க வேண்டும். அணைத்த பிறகு எந்த நினைவகம், எந்த டைமர்? மடிக்கணினிகளுக்கு பிசிஎம்சிஐஏ கார்டுகள் வந்த 1990-களில்தான் ஓடும்போதே உருவும் பழக்கம் தொடங்கியது. 1996-ல் யூஎஸ்பி 1.0 வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கை எப்போது வேண்டுமானாலும் எதையாவது இழுக்கலாம் என்றாயிற்று. விண்டோஸ் 2000-ல் 'சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கிவிட்டார்கள்' என்று டிரைவருக்குச் சொல்லவே தனியாக ஒரு செய்தியைச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய விண்டோஸ் 98-ல் அது கிடையாது. விண்டோஸின் உள்கதை நமக்கு அவ்வளவாகத் தெரியாது. லினக்ஸில் எல்லாம் திறந்த புத்தகம், சண்டைகள் உட்பட. அதனால் இனி லினக்ஸைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

லினக்ஸில் முதல் பெரிய சண்டை சாதனத்தைப் பற்றியதுகூட இல்லை, டிரைவர் நிரலைப் பற்றியது. டிரைவர்களை மாட்யூல்களாக ஏற்றலாம், இறக்கலாம். இறக்கும்போது யாராவது அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இதற்காக ஒரு எண்ணிக்கை இருந்தது. உள்ளே நுழைபவர் ஒன்று கூட்டுவார், வெளியேறுபவர் ஒன்று கழிப்பார். பூஜ்யமானால் இறக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றைக் கூட்டும் வரி அந்த மாட்யூலுக்குள்ளேயே இருந்தது! நான் உள்ளே இருக்கிறேன் என்று பதிவேட்டில் எழுத உள்ளே கால் வைக்க வேண்டும். கால் வைத்ததற்கும் எழுதுவதற்கும் நடுவே கட்டடத்தையே இடித்துவிட்டால்? 2002-ல் ரஸ்டி ரஸ்ஸல் மாட்யூல் ஏற்றும் முறையையே புதிதாக எழுதினார். எண்ணிக்கையை உள்ளே நுழைவதற்கு முன்பே, வெளியில் நிற்பவர் கூட்ட வேண்டும் என்று மாறியது. மாட்யூலை இறக்கும் வசதியே வேண்டாம், ஏற்றினால் ஏற்றியதுதான் என்ற யோசனையும் அந்தச் சமயத்தில் எழுந்தது. அவ்வளவு நொந்து போயிருந்தார்கள். இறக்கும் வசதி கடைசியில் தப்பித்தது, ஆனால் கெர்னலைத் தயாரிக்கும்போது வேண்டாம் என்று அணைத்துவிடக்கூடிய ஒரு விருப்பமாக.

மாட்யூலுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 'இப்போது முடியாது, வேலையாக இருக்கிறேன்' என்று மறுக்கலாம். பென் டிரைவை உருவுகிற கையிடம் யார் மறுப்பது? இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருபது வருடம் கழித்து இதே குழப்பம் திரும்பி வரும்.

2.5 வரிசையில் பேட்ரிக் மோக்கெல் எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ஓர் அமைப்பை உருவாக்கினார். கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அதை வளர்த்தார். 2003 டிசம்பரில் வந்த 2.6-ல் அது முழுதாகக் குடியேறியது. 2004-ல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் கிரெக் இந்த எண்ணிக்கை முறையைப் பற்றியே ஒரு கட்டுரை படித்தார். அடிப்படை யோசனை எளிமையானது. கல்லூரியை விட்டுப் போகும்போது நூலகம், விடுதி, ஆய்வகம் என்று ஒவ்வோர் இடத்திலும் 'நோ டியூஸ்' கையெழுத்து வாங்குகிறோம் இல்லையா? நாம் வகுப்புக்கு வருவதை நிறுத்திய நாள் வேறு, நம் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும் நாள் வேறு. கடைசிக் கையெழுத்து எப்போது விழுகிறதோ அப்போதுதான் கணக்கு முடியும். அதே மாதிரி, சாதனம் போன நேரம் வேறு, அதன் நினைவகத்தை விடுவிக்கும் நேரம் வேறு. யார் யாரெல்லாம் முகவரியை வைத்திருக்கிறார்களோ அவர்கள் எல்லோரும் 'எனக்கு வேண்டாம்' என்று சொன்ன பிறகு, கடைசியாகச் சொன்னவரின் கையில் 'ரிலீஸ்' என்ற ஃபங்ஷன் ஓடும். அதில்தான் விடுவிக்க வேண்டும்.

நிறையப் பேருக்கு இது புரியவில்லை. ரிலீஸ் ஃபங்ஷன் எழுதாமல் விட்டால் கெர்னல் திட்டும், அதனால் திட்டு வாங்காமலிருக்க உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்று ஃபங்ஷனை எழுதி வைத்தார்கள் (நம்ம ஊர் ரெக்கார்ட் நோட்டு மாதிரி). அப்படிச் செய்தால் பராமரிப்பாளர் உங்களை இரக்கமில்லாமல் கேலி செய்வார் என்று கெர்னல் ஆவணத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 2007. என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் ரொம்ப சுவாரசியமான திருப்பம் இதுதான். தேஜுன் ஹியோ 'டெவ்ரெஸ்' என்ற ஒரு வசதியைக் கொண்டுவந்தார். ஒரு டிரைவர் தொடங்கும்போது பத்துப் பொருள் வாங்குகிறது என்று வையுங்கள். ஏழாவதை வாங்கும்போது தோல்வி. வாங்கிய ஆறையும் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில்தான் ஆயிரம் பிழைகள். டெவ்ரெஸ் முறையில் வாங்கினால் இந்தக் கவலையே வேண்டாம். சாதனத்தின் பெயரில் ஒரு பேரேடு இருக்கும், எதை வாங்கினாலும் அதில் பதிவாகும், டிரைவர் விலகியதும் எல்லாம் தானாகவே தலைகீழ் வரிசையில் திரும்பிப் போய்விடும். 'டெவ்எம்' என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் எல்லாம் இந்தக் குடும்பம். டிரைவர்கள் சுருங்கின. எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் பேரேடு எப்போது மூடப்படுகிறது என்று கவனியுங்கள். டிரைவர் சாதனத்திலிருந்து விலகும்போது. கடைசிக் கையெழுத்து விழும்போது அல்ல! ஒரு வெப்கேமை எடுத்துக்கொள்வோம். வீடியோ அப்ளிகேஷன் அதைத் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் கேபிளைப் பிடுங்குகிறீர்கள். டிரைவர் விலகுகிறது. டெவ்எம் மூலம் வாங்கிய நினைவகம் அந்த நிமிடமே போய்விட்டது. அப்ளிகேஷனுக்கு இன்னும் தெரியாது. ஒரு விநாடி கழித்து அது ஃபைலை மூடுகிறது. மூடும் ஃபங்ஷன் டிரைவரின் விவரங்களைப் பார்க்கப் போகிறது. எங்கே இருக்கிறது விவரம்? காலி செய்த வீட்டில். 2004-ல் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்த பாடத்தை 2007-ல் வந்த சௌகரியம் மெல்ல மறக்கடித்துவிட்டது. டெவ்ரெஸ் தப்பு என்று இல்லை. வன்பொருள் சம்பந்தப்பட்டவற்றுக்கு அது அருமையான ஏற்பாடு. அப்ளிகேஷன்களின் கை எட்டக்கூடிய நினைவகத்தை அதில் வாங்கியதுதான் வினை. கேமரா டிரைவர்களில் பல வருடம் உழைத்த லோரான் பின்ஷார் இதை 2015-லேயே கெர்னல்காரர்களிடம் எழுப்பினார். 2022-ல் டப்ளினில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில், டெவ்எம் மூலம் நினைவகம் வாங்குவது ஏன் தீங்கானது என்பதையே தலைப்பாக வைத்து மறுபடி பேசினார். ஏழு வருட இடைவெளி. அதற்குள் எத்தனை டிரைவர்கள் அந்த வழியில் எழுதப்பட்டிருக்கும்!

இன்னொரு நீண்ட கதை, மாட்யூலைப் பற்றிச் சொன்னபோது நினைவில் வைக்கச் சொன்னேனே, அதோடு சேர்ந்தது. டிரைவர் எழுதுபவர் 'ரிமூவ்' என்று ஒரு ஃபங்ஷன் எழுதுவார். சாதனம் போகும்போது கெர்னல் அதைக் கூப்பிடும். அந்த ஃபங்ஷன் ஓர் எண்ணைத் திருப்பித் தரும்படி வடிவமைத்திருந்தார்கள். பூஜ்யம் என்றால் சரி, வேறு எண் என்றால் பிழை. பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? பிழை என்று சொன்னால் கெர்னல் கழற்றுவதை நிறுத்திவிடும் என்றுதானே? கெர்னல் அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. போகிற சாதனத்தை எப்படி நிறுத்துவது? ஆனால் இதை நம்பி எழுதியவர்கள் இருந்தார்கள். 'சாதனம் வேலையாக இருக்கிறது, பிறகு வா' என்று பிழை எண்ணைத் திருப்பிவிட்டு, மிச்சச் சுத்தம் செய்யும் வேலைகளைச் செய்யாமல் பாதியில் வெளியே வந்துவிடுவார்கள். கெர்னல் சாவகாசமாகப் பேரேட்டை மூடி நினைவகத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். நிறுத்தாத டைமரும், நீக்காத பதிவும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஊவ க்ளைன-கோனிக் என்ற ஜெர்மானியர் இதைச் சரிசெய்யக் கிளம்பினார். ரிமூவ் எதையும் திருப்பித் தரக்கூடாது, அவ்வளவுதான் மாற்றம். கேட்டால் அரை நாள் வேலை மாதிரி இருக்கும். 2021-ல் அடித்தளமான பஸ் அமைப்பில் மாறியது. 2022-ல் ஐ2சி டிரைவர்கள். பிளாட்ஃபார்ம் டிரைவர்கள் என்ற பெருங்கூட்டத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதால், இடைக்காலத்துக்கு 'ரிமூவ் நியூ' என்று ஒரு பெயரை வைத்து, ஒவ்வொரு டிரைவராகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, எல்லாம் போனபிறகு 2024-ல் பழைய பெயரையே புதிய வடிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கான டிரைவர்கள், ஒவ்வொன்றையும் திறந்து, இந்த ஆள் பிழை எண்ணை நம்பி எதையாவது விட்டிருக்கிறாரா என்று பார்த்து... எந்தப் பத்திரிகையும் இதைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை போடவில்லை. எனக்கு நிஜமாகவே பிரமிப்பாக இருக்கிறது.

அப்படியானால், ஒரு டிரைவரை ரிவியூ செய்பவர் கழற்றும் பகுதியில் எதைத் தேடுகிறார்? கெர்னல் அஞ்சல் பட்டியல்களின் பழைய உரையாடல்களைப் படிக்கும்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் வேறு வேறு வேஷத்தில் வருகிறது. இந்த வரிக்குப் பிறகு இந்த நினைவகத்தைத் தொடக்கூடியவர் யார்? முதலில் வாசலை மூட வேண்டும், அதாவது புதிதாக யாரும் உள்ளே வராதபடி பதிவை நீக்க வேண்டும். பிறகு உள்ளே இருப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் விடுவிக்க வேண்டும். வரிசை மாறினால் போச்சு. டைமரை 'நிறுத்து' என்று சொல்வதும், 'நிறுத்து, இப்போது ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை நான் நிற்கிறேன்' என்று சொல்வதும் வேறு வேறு. முதலாவதைப் போட்டுவிட்டு நினைவகத்தை விடுவித்தால், இன்னொரு பிராசஸரில் அந்த டைமர் பாதி ஓட்டத்தில் இருக்கலாம்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. இன்டரப்ட் வந்தால் அது ஒரு வேலையை வரிசையில் போடுகிறது என்று வையுங்கள். ரிமூவ் ஃபங்ஷனில் அந்த வேலையை ஒழுங்காக ரத்து செய்து, முடியும்வரை காத்தும் ஆயிற்று. பார்க்கப் பத்தரை மாற்றுத் தங்கம். ஆனால் இன்டரப்டை டெவ்எம் மூலம் வாங்கியிருக்கிறார்கள். அப்படியானால் அது ரிமூவ் முடிந்த பிறகுதான் போகும். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் இன்டரப்ட் ஒருமுறை அடித்தால், ரத்து செய்த வேலை மறுபடி வரிசையில் ஏறிவிடும். அது ஓடும்போது நினைவகம் இல்லை. பேட்சில் இருக்கும் எந்த வரியும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை! அங்கே இல்லாத வரிகளின் வரிசையைத்தான் ரிவியூ செய்பவர் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தன்னைத்தானே மறுபடி மறுபடி கிளப்பிக்கொள்ளும் டைமர்களுக்காக, 'இனி இதை யாராலும் எழுப்ப முடியாது' என்று மூடும் ஒரு புதிய ஃபங்ஷன் 2023-ல் வந்த 6.2-ல்தான் கெர்னலுக்கே கிடைத்தது.

மனிதக் கண்ணுக்கு எவ்வளவுதான் தெரியும்? 2015-ல் வந்த 4.0-ல் 'கேசான்' என்ற கருவி கெர்னலில் சேர்ந்தது. ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் 'இது இன்னும் உன்னுடையதா?' என்று கேட்கும் காவலாளி. ரொம்ப மெதுவாக்கும், ஆனால் சோதனைக்கு அருமை. கூகுளின் 'சிஸ்காலர்' கண்டபடி உள்ளீடுகளைக் கொடுத்துக் கெர்னலைத் தொந்தரவு செய்யும். ஆந்த்ரே கொனோவாலோவ் இந்த இரண்டையும் யூஎஸ்பி பக்கம் திருப்பினார். நிஜச் சாதனம் எதுவும் இல்லாமலேயே ஆயிரம் பொய்ச் சாதனங்களைச் செருகுவது, பிடுங்குவது. 2017 நவம்பரில் 14 குறைகளை ஒரே மூச்சில் பொதுவில் வைத்தார்.

அந்தத் தொழிற்சாலை கண்டுபிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். விளையாட்டுக்கான கேம்பேட் கையில் அதிரும் இல்லையா? சொந்த நினைவகம் இல்லாத மலிவான கேம்பேடுகளுக்கு அந்த அதிர்வு எவ்வளவு நேரம் என்று கெர்னலே டைமர் வைத்துப் பார்த்துக்கொள்ளும். 2006-ல் எழுதிய நிரல். கேம்பேடைப் பிடுங்கியதும் நினைவகம் போய்விடும், அந்த டைமர் முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. 2019-ல்தான் பிடிபட்டது. திருத்தம், டைமரை நிறுத்திக் காத்திருக்கும் ஒரே ஒரு வரி. பதின்மூன்று வருடம் எத்தனையோ பேர் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பார்கள், இருக்கும் வரிகளைப் படித்திருப்பார்கள்.

இப்போது தீர்வு எந்தப் பக்கம் போகிறது? 2024-ல் வந்த 6.9-ல் பார்டோஷ் கோலாஷெவ்ஸ்கி ஜிபிஐஓ பகுதியை மாற்றி எழுதினார். சாதனம் போய்விட்டால், பழைய கைப்பிடியோடு வருபவருக்கு 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று மரியாதையாகப் பதில் போகும், நினைவகம் பத்திரமாக இருக்கும். 2022 டிசம்பரில் வந்த 6.1-லிருந்து கெர்னலில் ரஸ்ட் மொழிக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அதில் 'திரும்பப் பெறக்கூடிய' பொருள் என்று ஒரு வகையே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 'இன்னும் இருக்கிறாயா?' என்று கேட்காமல் உள்ளே கை வைக்கவே முடியாது. எங்கள் 1932-ம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தில் 45-வது பிரிவு என்று ஒன்று உண்டு. நிறுவனம் கலைந்துவிட்டாலும், பொது அறிவிப்பு கொடுக்கும்வரை பங்காளிகளின் பொறுப்பு தொடரும். கெர்னல்காரர்கள் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கிறார்கள் என்று படிக்கும்போது தோன்றியது.

'பிடுங்கும்போது கணினி நின்றுவிட்டால் என்ன, மறுபடி போட்டுக்கொண்டால் போச்சு' என்று சொல்பவர்களுக்காகத்தான் கடைசிக் கதையை வைத்திருக்கிறேன்.

2000-களின் தொடக்கத்தில் கிரியேட்டிவ் நிறுவனம் 'எக்ஸ்டிஜி' என்று யூஎஸ்பியில் செருகும் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் பெட்டியை விற்றது. யூஎஸ்பி சாதனம் செருகியதும் ஓர் அடையாள அட்டையைக் காட்டும். என்னிடம் இத்தனை அமைப்புகள் இருக்கின்றன என்று அதில் ஓர் எண் இருக்கும். கெர்னல் அந்த எண்ணுக்குத் தகுந்த அளவில் இடம் ஒதுக்கும். எக்ஸ்டிஜிக்கு ஒரு விசித்திரப் பழக்கம். முதலில் ஒரு கட்டளை கொடுத்து எழுப்ப வேண்டும். அதன் பிறகு அட்டையை மறுபடி வாங்கிப் படிக்க வேண்டும். லினக்ஸ் டிரைவர் அப்படியே படித்து, பழைய அட்டையின் மேலேயே எழுதியது. இரண்டாவது அட்டையில் எண் பெரிதாக இருந்தால்? ஒதுக்கிய இடம் பழைய சின்ன எண்ணுக்குத்தான். இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. சாதனத்தைப் பிடுங்கும்போது கெர்னல் வரிசையாக ஒவ்வோர் அமைப்பாக விடுவித்துக்கொண்டு போகும். எத்தனை விடுவிக்க வேண்டும் என்று அட்டையைப் பார்க்கும். புதிய அட்டையை! ஆரம்ப இருப்பு ஓர் எண், இறுதிக் கணக்கு வேறோர் எண். எல்லையைத் தாண்டி, பக்கத்தில் யாருடையதோ நினைவகத்தைத் தன்னுடையது என்று எண்ணி விடுவிக்கப் போய்விடும்.

இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு சவுண்ட் பெட்டிக்கான இந்த நிரல் நம் ஆண்ட்ராய்டு போன்களிலும் இருந்தது. 2024 டிசம்பர் 25 அன்று செர்பியாவின் பெல்கிரேடில், போராட்டங்களில் ஈடுபட்டிருந்த ஒரு மாணவரைப் போலீஸ் பிடித்தது. அவருடைய சாம்சங் கேலக்ஸி ஏ32 போன் பூட்டியிருந்தது. செலிபிரைட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் கருவியால் அதைத் திறந்திருக்கிறார்கள் என்று ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2025 பிப்ரவரி 28 அன்று அறிக்கை வெளியிட்டது. போனின் பதிவுகளில் ஒரு வெப்கேம், எக்ஸ்டிஜி, ஒரு டச்பேட் ஆகியவை செருகப்பட்ட தடயங்கள் இருந்தன. நிஜ எக்ஸ்டிஜியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள், நான் எக்ஸ்டிஜி என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பொய்ச் சாதனம் போதும். மூன்று யூஎஸ்பி டிரைவர் குறைகள் அந்தச் சங்கிலியோடு சேர்த்துச் சொல்லப்பட்டன. அதில் எக்ஸ்டிஜி குறைக்கு சிவிஇ-2024-53197 என்று எண். அறிக்கைக்கு மூன்று நாள் முன்பு, செர்பியாவில் சம்பந்தப்பட்ட வாடிக்கையாளர்கள் தங்கள் கருவியைப் பயன்படுத்துவதை நிறுத்துவதாக செலிபிரைட் அறிவித்தது.

எக்ஸ்டிஜிக்கான திருத்தம் சில வரிகள்தான். புதிய அட்டையைத் தனியாக ஓர் இடத்தில் வாங்கிப் படி, எண் பழையதைவிடப் பெரிதாக இருந்தால் மேலே எழுதாதே. அந்த பேட்ச் 2024 நவம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. மாணவரின் போன் திறக்கப்பட்டது டிசம்பர் 25. ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு அறிக்கையில் அந்தத் திருத்தம் இடம்பெற்றது 2025 ஏப்ரலில்.